நோன்பு பீரும் ஸ்ட்ராங் பீரும்

ஆல்கஹால் கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் நூலிழை வித்தியாசம்தான். மியூனிக் நகரத்துப் பவுலானர் ஆலையின் சால்வேட்டர் 7.9 சதவீதம். அலங்காநல்லூர்ப் பக்கத்து டாஸ்மாக்கில், கம்பி வலைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருக்கும் ஸ்ட்ராங் பீர்களில் பலவற்றின் லேபிள், 8 சதவீதத்துக்கு மிகாது என்கிறது. இரண்டும் லாகர். இரண்டையும் நொதிக்க வைப்பது குளிரில் வேலை செய்யும் ஒரே இனத்து ஈஸ்ட். ஆனால் இரண்டையும் இரு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி அருகருகே வைத்தால் ஒரே வம்சம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முன்னது அடர் பழுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் சிவப்பு தெரியும். பின்னது வெளிர் மஞ்சள். மறுபக்கம் நிற்பவரின் சட்டைப் பொத்தான் வரை தெரியும். ஒரே வீரியமும் ஒரே ஈஸ்டும் இவ்வளவு தூரம் விலகியது எப்படி என்பதே இந்த ஒப்பாய்வின் கேள்வி.

லாகர் வகைகளை ஒப்பிட முனைபவர்கள் வழக்கமாக நிறத்தையே எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 1841-இல் வியன்னாவை ஒட்டிய ஷ்வெகாட்டில் அன்டன் ட்ரெயர் செம்மை கலந்த லாகரை வடித்தார். மறு ஆண்டே பில்சன் நகரில் யோசஃப் க்ரோல் உலகையே மஞ்சளாக்கிய பில்ஸ்னரை வடித்தார். மியூனிக் தன் பழைய கறுப்பு லாகரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அரை நூற்றாண்டு காத்திருந்து, 1894-இல்தான் ஸ்பாட்டன் ஆலை வழியாக வெளிர்நிற ஹெல்லஸுக்கு வந்தது. பாம்பெர்க்கில் புகையில் உலர்த்திய மால்ட், கோஸ்ட்ரிட்ஸில் கறுத்த மால்ட் என்று பட்டியல் நீளும். இவற்றை எல்லாம் பிரிப்பது மால்ட்டை வறுத்த சூடும் ஊர்த் தண்ணீரின் உப்பும்தான். வீரியம் பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. வீரியத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஐரோப்பா கொடுக்கும் விடை, சால்வேட்டர் சார்ந்த டாப்பல்பாக் வகை. நாம் கொடுத்த விடை ஸ்ட்ராங். அதனால்தான் இந்த இரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைக்கிறோம்.

டாப்பல்பாக்கின் பிறப்பிடம் மடம். பவோலா ஊர்ப் புனித பிரான்சிஸின் சபையைச் சேர்ந்த துறவியர் மியூனிக்கின் நாய்டெக்கில் குடியேறினார்கள். இறைச்சி, முட்டை, பால் எதையும் வாழ்நாள் முழுதும் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தவர்கள் அவர்கள். ஆண்டு முழுவதும் தவக்காலம் என்றே சொல்லலாம். திடப் பொருள் தடைப்பட்ட நோன்பு நாட்களில் திரவம் தடையில்லை என்பது அக்காலத் திருச்சபை வழக்கு. எனவே பீரையே கெட்டியாக்கினார்கள். அந்தப் பீரைப் பற்றிக் கிடைக்கும் முதல் ஆவணம் ஒரு பாராட்டு அல்ல, புகார்: துறவியர் பீர் விற்று எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று 1634-இல் நகரத்து வடிப்பாளர்கள் நகர மன்றத்திடம் முறையிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்னபாஸ் என்ற துறவியின் கையில் இந்த வகை இன்றைய உருவத்தை எட்டியது. சபையை நிறுவியவரின் திருநாளான ஏப்ரல் 2-ஐ ஒட்டி அது பரிமாறப்பட்டது.

ஸ்ட்ராங்கின் பிறப்பிடம் கம்பெனி. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் சிறு ஆலைகள் ஐந்தை ஒன்றுசேர்த்து யுனைட்டெட் ப்ரூவரிஸைத் தொடங்கினார். அவற்றுள் பழையது 1857-ஐச் சேர்ந்தது. அப்போதைய வாடிக்கையாளர் வெள்ளைக்காரச் சிப்பாய். அவருக்கு ஆல்கஹாலை விடத் தாகம் தணிவதே முக்கியம். விடுதலைக்குப் பிறகு வந்த வாடிக்கையாளர் வேறு ஆள். அவருக்காகத்தான் ஹேவர்ட்ஸ் 5000, நாக் அவுட் போன்றவை சந்தைக்கு வந்தன. 1999-இல் கிங்ஃபிஷரும் தன் ஸ்ட்ராங்கை இறக்கியது. இன்று இந்தியாவில் விற்கும் பீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஸ்ட்ராங்தான். உலகில் வேறெந்தப் பெரிய பீர்ச் சந்தையிலும் இப்படி இல்லை. ஜெர்மனியில் டாப்பல்பாக் ஒரு பருவத்தின் சிறப்பு. இங்கே ஸ்ட்ராங்தான் அன்றாடம், மைல்டுதான் விதிவிலக்கு.

இந்தத் தலைகீழுக்குக் காரணம் தேட வேண்டிய இடம் பீர் அலமாரி அல்ல, அதற்கு அடுத்த அலமாரி. தமிழ்நாட்டில் குடிப்பவர் முதலில் கேட்பது பிராந்திதான். அதன் அலகு குவார்ட்டர்: 180 மில்லி, 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹாலாக மாற்றினால் 77 மில்லி. 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டிலில், லேபிளின் உச்ச அளவையே எடுத்தாலும், 52 மில்லி. 5 சதவீத மைல்டில் 33-ஐக்கூடத் தொடாது. மைல்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் விலையில் பெரிய இடைவெளி இல்லை. இடைவெளி எல்லாம் உள்ளே இருக்கும் சரக்கில்தான். அந்த வாடிக்கையாளர் மனதில் ஓடும் கணக்கு இது. அதை அவர் யாரிடமும் கற்கவில்லை. ஆக ஸ்ட்ராங் போட்டியிடுவது மைல்டோடு அல்ல, குவார்ட்டரோடு.

டாப்பல்பாக்கும் தன் இனத்து மற்ற பீர்களோடு போட்டியிட்டதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் போட்டி ரொட்டியோடு. தட்டில் வர முடியாத ரொட்டி குவளையில் வந்தது. இங்கேதான் நான் எதிர்பார்க்காத உறவு தென்படுகிறது. இரண்டும் பதிலிகள். ஒன்று உணவின் இடத்தில் நின்றது, மற்றொன்று பிராந்தியின் இடத்தில் நிற்கிறது. பீர் என்பதற்காக இரண்டையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. விதிகள் விட்டுவைத்த சந்து வழியே வந்தவை இவை. மடத்துக்கு நோன்பு விதி, நமக்கு வரி விதி. வேறுபாடு, பதிலியாக எதைப் பாவிக்க வேண்டியிருந்தது என்பதில். ரொட்டியைப் பாவிக்கப் போன பீர் கெட்டியாகவும் இனிப்பாகவும் ஆனது. பிராந்தியைப் பாவிக்கப் போன பீர் மெலிந்து, காரமாகி, தொண்டையில் சூடு காட்டக் கற்றுக்கொண்டது.

சட்டம் இரண்டையும் அளக்கும் முறையில்தான் இந்த ஒப்பீட்டின் மிக அழகான எதிரொலி இருக்கிறது. நொதிக்கும் முன் கஷாயத்தில் கரைந்திருக்கும் சத்து எவ்வளவு என்பதே ஜெர்மன் அளவுகோல். பாக் என்று பெயர் பெறக் குறைந்தது 16 சதவீதம் வேண்டும், டாப்பல்பாக் என்றால் 18. நொதித்த பின் எஞ்சும் ஆல்கஹால் எவ்வளவு என்பதே இந்திய அளவுகோல். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 5 சதவீதம் வரை மைல்டு, அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். அங்கே தொடக்கத்தை அளந்து ஒரு தரைமட்டம் வைக்கிறார்கள்: இதற்குக் கீழே போகாதே. இங்கே முடிவை அளந்து ஒரு கூரை வைக்கிறார்கள்: இதற்கு மேலே போகாதே. தரையிலிருந்து எழும்பும் பீரும் கூரையை முட்டும் பீரும் கடைசியில் 8-க்கு அருகே ஒரே உயரத்தில் சந்திப்பது தற்செயல்தான். ஆனால் அந்த உயரத்துக்கு ஏறிய பாதைகள் தற்செயல் அல்ல.

பாதை என்பது சர்க்கரை. ஈஸ்டுக்குத் தீனி அதுதான். தீனி எவ்வளவோ அவ்வளவு ஆல்கஹால். டாப்பல்பாக்கில் எல்லாத் தீனியும் முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்தே வரவேண்டும். ஊறவைத்த மால்ட்டில் ஒரு பகுதியை அள்ளித் தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து மறுபடி தாய்க் கலத்தில் கொட்டுவது பவேரியாவின் பழைய முறை. சூடுமானி இல்லாத காலத்தில் வெப்பத்தைக் கணக்காக ஏற்ற அது கைகொடுத்தது. ஆனால் அந்தக் கொதிப்பில் இன்னொன்றும் நடக்கிறது: சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுத்து நிறமும் மணமும் கொள்கின்றன. அலங்காநல்லூர் வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைப் பக்கம் பாகு முற்றும் நேரத்தில் நடந்திருப்பவர்களுக்கு அந்த மணத்தில் பாதி பழக்கமானது. மீதிப் பாதி, அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் மேல்தோல். மால்ட்டின் மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாக உடைவதும் இல்லை. டெக்ஸ்ட்ரின் என்ற பெரிய துண்டுகள் மிஞ்சும். ஈஸ்டால் அவற்றைத் தின்ன முடியாது. அவையே நாக்கில் கனமாக உட்காருகின்றன.

ஸ்ட்ராங்கின் லேபிளைத் திருப்பிப் படியுங்கள்: பார்லி மால்ட்டுக்குப் பின்னால் அரிசி அல்லது சோளம், அதற்குப் பின்னால் பலவற்றில் சர்க்கரை, கடைசியில் ஹாப்ஸ். சர்க்கரையை ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். அரிசி மால்ட்டின் நொதிகளால் உடைந்து கிட்டத்தட்ட அதே கதிக்குப் போகும். நிறமும் தராது, மணமும் தராது. அதனால்தான் தொடக்கச் சத்து 16-ஐ ஒட்டி இருந்தாலே ஸ்ட்ராங் 8-ஐ நெருங்கிவிடுகிறது. சால்வேட்டருக்கு அதே இடத்துக்குப் போக 18-க்கு மேல் தேவைப்படுகிறது. அந்த வித்தியாசம் காணாமல் போகவில்லை. சால்வேட்டரைக் குடிக்கும்போது பல்லில் ஒட்டுகிறதே, அதுதான் அது. ஸ்ட்ராங்கில் ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இங்கே ஊரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வரலாம். பெரியாறு பாசனத்தில் அலங்காநல்லூரைச் சுற்றி விளைவது நெல்லும் கரும்பும். ஊரின் பெயரைச் சொன்னால் வாடிவாசலுக்கு அடுத்தபடி விவசாயிகளுக்கு நினைவு வருவது கூட்டுறவு சர்க்கரை ஆலை. அது அரவை நின்று கிடந்ததும், திறக்கச் சொல்லி அவர்கள் போராடியதும் மதுரைச் செய்தித்தாள்களில் வழக்கமான செய்தி. ஸ்ட்ராங் பாட்டிலுக்குள் இருக்கும் நான்கு பொருட்களில் இந்த மண்ணுக்குத் தெரிந்தவை அரிசியும் சர்க்கரையும். பார்லி பெரும்பாலும் ராஜஸ்தான், ஹரியானா பக்கம் விளைவது. ஹாப்ஸ் அநேகமாகக் கப்பலேறி வருவது. பில்ஸ்னரின் பெயரைச் சொல்லி உலகம் முழுவதும் பார்லியைக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அந்நியமானதே அதுதான். மால்ட் குறைந்ததை வடிப்பவரின் கஞ்சத்தனம் என்று ஒதுக்குவது எளிது, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் ஒரு நிலத்தின் பீரில் அந்த நிலத்தின் பயிர் சேர்வது குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பவேரியாவுக்கு அது குற்றம். 1516-இல் இங்கோல்ஷ்டாட்டில் பிறப்பித்த தூய்மை ஆணை பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. இன்றைய ஜெர்மன் சட்டத்தில் ஒரு சுவையான நுணுக்கம் உண்டு. மேல்நொதி பீருக்குச் சர்க்கரை சேர்க்க வழி இருக்கிறது. அடிநொதி பீருக்கு, அதாவது லாகருக்கு, கிடையாது. நம் ஸ்ட்ராங்கை மியூனிக்கில் வடித்தால் அது எந்த வகை பீர் என்ற கேள்விக்கு முன், அது பீர்தானா என்ற கேள்வி வந்துவிடும்.

ஆனால் அரிசியை லாகருக்குள் கொண்டுவந்தவர்கள் யார் என்று பார்த்தால் கதை திரும்புகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போன ஜெர்மன் வடிப்பாளர்கள் அங்கே கண்டது ஆறு வரிசைப் பார்லி. அதில் புரதம் மிகுதி. பீர் கலங்கும், முரடாகும். அதை நீர்க்கவைக்கச் சோளமும் அரிசியும் சேர்த்தார்கள். 1876-இல் வந்த பட்வைசர் அரிசி சேர்ந்ததுதான். இந்தியாவிலும் ஆறு வரிசைப் பார்லியே பெருவாரியாகப் பயிராகி வந்தது. அதே நோய்க்கு அதே மருந்து. தூய்மை ஆணையின் தேசத்துப் பிள்ளைகளே கடல் கடந்ததும் அதை மீறியவர்கள். அந்த மீறலின் தூரத்து வாரிசு நம் ஸ்ட்ராங்.

ஈஸ்ட் பக்கம் போனால் உறவு இன்னும் நெருங்குகிறது. லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர் ரொட்டிக்கும் கள்ளுக்கும் பழக்கமான ஈஸ்ட். மற்றது குளிர் தாங்கும் காட்டு ஈஸ்ட். 2011-இல்தான் படகோனியாவில் தென்பீச் மரக் கழலைகளில் அதை அடையாளம் கண்டார்கள். இந்தக் கலப்பு 1602-க்கும் 1615-க்கும் இடையே மியூனிக்கின் அரண்மனை ஆலையான ஹோஃப்பிராய்ஹவுஸில் நடந்திருக்கலாம் என்று 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கருதுகிறது. வட ஜெர்மனியின் ஐன்பெக் நகரத்திலிருந்து எலியாஸ் பிக்லர் என்ற வடிப்பாளரை 1614-இல் அழைத்துவந்து பாக் பீரை மியூனிக்கில் ஊன்றியதும் அதே ஆலைதான். ஆய்வின் ஊகம் சரியென்றால், டாப்பல்பாக்கின் தகப்பன் பீரும், அலங்காநல்லூர் ஸ்ட்ராங்கை நொதிக்க வைக்கும் ஈஸ்டின் மூதாதையும், ஒரே கூரைக்கடியில் சில ஆண்டு இடைவெளியில் வந்து சேர்ந்தவை. அதன் பிறகு 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் அந்த ஈஸ்டை ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்துக் காட்டினார்; உலக ஆலைகளுக்கு எல்லாம் அந்த முறை பரவியது.

அந்த ஈஸ்ட் கேட்பது குளிர். 10 டிகிரியை ஒட்டி நொதிக்கவேண்டும், உறைநிலையை ஒட்டி உறங்கவேண்டும். பவேரியாவில் கோடையில் வடிப்பதையே 1553 ஆணை தடுத்தது. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் அடுப்பு எரியலாம். நமக்கு அந்தக் குளிர் மலைமேல் மட்டுமே கிடைத்தது. இந்தியாவின் தொடக்ககால ஆலைகள் கசௌலி, நீலகிரி என்று மலை மலையாக ஏறியது அதற்காகவும்தான். 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே குளிரூட்டும் எந்திரத்தைச் சோதித்தது ஒரு பீர் ஆலையில், மியூனிக்கின் ஸ்பாட்டனில். அந்த எந்திரம் இல்லையென்றால் சமவெளியில் லாகரே இல்லை. ஆனால் குளிர் ஆலையோடு நின்றுவிட்டது என்பதுதான் நம் சோகம். டாப்பல்பாக் இரண்டு மூன்று மாதம் குளிரில் உறங்கி, குடிப்பவர் கைக்கு 10 டிகிரியில் வந்து சேர்கிறது. ஸ்ட்ராங் சில வாரங்களில் ஆலையை விட்டுப் புறப்பட்டு, லாரியிலும் கிட்டங்கியிலும் சித்திரை வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் கம்பி வலைக்கு வருகிறது. அங்கே நடக்கும் உரையாடலே சான்று.

“அண்ணே, ஒரு ஸ்ட்ராங். கூலிங் இருக்கா?”

“கூலிங் காலி. நார்மல்தான் இருக்கு, வேணுமா?”

கேட்பவர் பெயர் கேட்கவில்லை, கம்பெனி கேட்கவில்லை. வகையையும் வெப்பநிலையையும் மட்டுமே கேட்டார். மியூனிக்காரர் கேட்பதற்கு நேர் எதிர்: அவர் ஆலையின் பெயரைச் சொல்வார், வெப்பநிலையைப் பற்றிக் கவலைப்படமாட்டார். சில்லென்று இருந்தால் ஸ்ட்ராங்கின் ஆல்கஹால் காரம் நாக்குக்குத் தெரியாது. கூலிங் குறைந்தால் முதலில் வெளியே வருவது அதுதான். அளவுக்கு மேல் சில்லிட்டால் டாப்பல்பாக்கின் மணமெல்லாம் பூட்டிக்கொள்ளும். சற்றே சூடேறினால் உலர்திராட்சையும் கருகிய சர்க்கரையும் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒன்றுக்குக் குளிர் மூடி, மற்றதற்குக் குளிர் பூட்டு.

பாட்டிலைக் கையில் எடுத்தால் மறுபடி ஒரு சாயல். ஸ்ட்ராங் பாட்டிலின் தோளிலும் அடிவயிற்றிலும் வெண்மையாகத் தேய்ந்த இரண்டு வளையங்கள் தெரியும். பெட்டிக்குள் மற்ற பாட்டில்களோடு உரசி உரசி வந்த தழும்பு அது. பழைய பேப்பர்க் கடை வழியாக ஆலைக்குத் திரும்பி, கழுவி, மறுபடி நிரம்பி வந்ததன் அடையாளம். ஜெர்மன் அரை லிட்டர் பாட்டிலிலும் அதே இடத்தில் அதே வளையங்கள். அங்கே பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணம். திருப்பிக் கொடுத்தால் கைக்கு வரும். இங்கே அந்த வேலையைச் சைக்கிளில் வரும் பழைய பொருள் வியாபாரி செய்துவந்தார். உள்ளே இருப்பதில் இவ்வளவு வேறுபட்டவை, வெளியே ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றன.

பெயர் வைப்பதிலும் ஒரு குறும்பு ஒற்றுமை. சால்வேட்டர் என்ற பெயரை எல்லா ஆலைகளும் தாராளமாகப் பயன்படுத்தி வந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவுலானர் அதைத் தன் வணிகப் பெயராகப் பதிந்துகொண்டதும் மற்றவர்கள் வால்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு செலிப்ரேட்டர், ஆப்டிமேட்டர், ட்ரையம்ஃபேட்டர் என்று புறப்பட்டார்கள். கேட்டவுடன் வீரியம் புரியவேண்டும், அவ்வளவுதான். நம் 5000 என்ற எண்ணும் அதற்குத்தான். அது எதன் எண்ணிக்கை என்று யாரும் கேட்டதில்லை. அங்கே லேபிளில் முட்டுவதற்கு நிற்கும் கிடா. செலிப்ரேட்டர் பாட்டில் கழுத்தில் குட்டி வெள்ளைக் கிடா ஒன்றைக் கயிற்றில் கட்டியே தொங்கவிடுகிறார்கள். கொம்புள்ள விலங்கை வீரியத்தின் சின்னமாக்க அலங்காநல்லூரிடம் யாராவது யோசனை கேட்டிருந்தால் இன்னும் பெரிய விலங்கைக் கொடுத்திருப்பார்கள்.

நாள்காட்டியில் இரண்டும் முதுகைக் காட்டி நிற்கின்றன. மியூனிக்கில் தவக்காலம் வந்தால்தான் ஸ்ட்ராங் பருவம். நொக்கர்பெர்க் மலையில் முதல் பீப்பாயைத் திறந்து முதல் குவளையைப் பவேரிய முதலமைச்சரிடம் கொடுத்து, அவர் முகத்துக்கு நேரே அரசியல்வாதிகளை மேடையில் கிண்டலடிப்பது மரபு. நம் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலம் வந்தால் கறியோடு குடியையும் விடுவதுதான் வழக்கம். நோன்புக்காகவே பீர் வடித்தார்கள் என்று அங்கே சொன்னால் உபதேசியார் சிரித்துவிடுவார். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு தை மூன்றாம் நாள். அதற்கு முந்திய நாள், தை இரண்டு, திருவள்ளுவர் தினம். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவரின் நாள் என்பதால் மாநிலம் முழுவதும் கடை மூடல். திருவிழாவும் கடையடைப்பும் தோளோடு தோள் உரசும் ஊரில், ஸ்ட்ராங்குக்கு என்று ஒரு பருவமோ சடங்கோ உருவாகவே இல்லை. வெயில் ஏறினால் விற்பனை ஏறும், அது ஒன்றுதான் அதன் நாள்காட்டி.

தானியத்திலிருந்து குடி வடிப்பது நமக்குப் புதிதென்றும் சொல்ல முடியாது. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு செய்முறை வருகிறது: அரிசிக் கூழைத் தட்டில் ஆறவைத்து, அடை ஒன்றைக் கரைத்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்துப் பக்குவப்படுத்துவது. அந்த அடையை உரைகாரர்கள் நெல்முளையோடு தொடர்புபடுத்துவர். முளைகட்டிய தானியத்தின் நொதியால் கூழை உடைப்பதுதானே மால்ட் செய்வதும்? நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைப் புறநானூறு அறியும். பவேரியர் நிலவறையில் உறங்கவைத்தது வேறு என்ன? அந்தத் தொடர்ச்சி எப்போதோ அறுந்தது. பிறகு கள்ளும் 1987 முதல் தடைக்குள் போனது. ஆக 5 சதவீதத்தை ஒட்டிய உள்ளூர்க் குடி என்று ஒன்று சட்டப்படி இல்லாத இடத்தில், பதிலியாகப் பிறந்த 8 சதவீதக்காரர் வந்து உட்கார்ந்துகொண்டார். சால்வேட்டருக்குப் பக்கத்திலேயே ஹெல்லஸும் கறுப்பு லாகரான டுங்கலும் கோதுமை பீரும் இருக்கின்றன. குடிப்பவர் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்கிறார். ஸ்ட்ராங்குக்குப் பக்கத்தில் இருப்பது குவார்ட்டர்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் நாக்கின் பதில் டாப்பல்பாக். அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஸ்ட்ராங்கை அதன் தண்டவாளத்தில் வைத்துத்தான் எடை போடவேண்டும். ஜெர்மனியில் பீர் வரி தொடக்கச் சத்தின் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறுகிறது. 12 டிகிரிப் பீருக்கு இருக்கும் வரி, 18 டிகிரிக்கு ஒன்றரை மடங்கு. அதனால் வீரியம் வேண்டுமென்றால் கூடக் கொடுக்கவேண்டும். கூடக் கொடுப்பவர் சுவையையும் கேட்பார். இந்திய மாநிலங்களில் வரி பெரும்பாலும் பெட்டிக்கு, லிட்டருக்கு. மிஞ்சினால் மைல்டு, ஸ்ட்ராங் என்று இரண்டு படி. ஸ்ட்ராங் படியில் ஏறிவிட்ட ஆலைக்கு 6-இல் நிற்பதும் 8-ஐ முட்டுவதும் வரியில் ஒன்றே; குடிப்பவருக்கு ஒன்றல்ல. 6 சதவீதத்தில் மால்ட் மிகுந்த, நிறம் கூடிய ஒரு லாகரை வடித்து ஒருவர் கொண்டுவந்தால், அதே வரியைக் கட்டி, அதிக மால்ட்டுக்குச் செலவழித்து, கம்பி வலைக்கு வெளியே நிற்பவரிடம் குறைந்த ஆல்கஹாலைக் கூடுதல் விலைக்கு விற்கவேண்டியிருக்கும். சால்வேட்டரை வடித்த பர்னபாஸே வந்து நின்றாலும் அந்தக் கணக்கில் சர்க்கரை மூட்டையைத்தான் பிரிப்பார்.